நல்ல ஸ்லைடு

ரத்தம் எடுக்கும்போது எதிரில் இருப்பவரைப் பேச்சில் வைத்திருக்க வேண்டும், ஐயா. பேசிக்கொண்டிருக்கிற ஆள் கையை வெடுக்கென்று இழுப்பதில்லை. என் அறைத்தோழி விஷயத்தில் எனக்கு அந்தக் கவலையே இருந்ததில்லை. வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பேர். ஊசி உள்ளே போனதுகூடத் தெரியாமல் விடுதிச் சமையற்காரரைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

இந்த ஆய்வகப் படிப்பில் நாங்கள் ஒருவர் கையில் ஒருவர் குத்தித்தான் பழகுகிறோம். துறைத் தலைவரான உங்களுக்குத் தெரியாததா? ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்துவிட்டு, காயவைத்து, சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். எல்லாரும் ஆரோக்கியமான பிள்ளைகள், எல்லா ஸ்லைடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நோயுள்ள ரத்தத்தைப் பார்க்கத் துறையின் மரப்பெட்டிதான் கதி. அதில் ரத்தப் புற்றுநோய்க்கு ஒரே ஒரு ஸ்லைடு. எத்தனை வகுப்புகள் பார்த்ததோ, சாயம் வெளுத்து, எது எந்த அணு என்றே புரியாது.

என் பயத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். போன வருடம் செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு ஸ்லைடை வைத்து, "என்னம்மா இது?" என்றார். சாதாரண வெள்ளையணு என்று சொல்லிவிட்டேன். அது ப்ளாஸ்ட், புற்றுநோயில் ரத்தத்துக்குள் வந்துவிடுகிற முதிராத அணு. அவர் சிரித்துக்கொண்டே, "நீ வேலைக்குப் போனா ஒரு உசிரு போயிடும்" என்றார். அன்றிலிருந்து லென்ஸில் கண்ணை வைத்தாலே அந்தச் சிரிப்புதான் கேட்டது. இன்னொரு தடவை தோற்றால் படித்தது போதும், வீட்டுக்கு வா என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான்.

ரேடியோதான் வழி சொன்னாள். "வாராவாரம் என் கையைக் குத்திப் பழகுடி. பயந்தாங்கொள்ளி ஒருத்தியை ரூம்ல வெச்சுக்கிட்டு எனக்குத் தூக்கம் வரல" என்றாள். நல்ல மனசு. அதை நான் எங்கேயும் மறுக்கமாட்டேன்.

சில வாரம் கழித்து, ஒரு மதியம், அவளுடைய ஸ்லைடில் அவற்றைப் பார்த்தேன். பெரிய அணுக்கள், உட்கரு மொத்த இடத்தையும் அடைத்துக்கொண்டிருந்தது. ஒன்றினுள் மெல்லிய சிவப்புக் குச்சி. பாடத்தில் படித்த குச்சி. இது ஒன்று இருந்தால் ரத்தப் புற்றுநோய்தான், சந்தேகமே வேண்டாம் என்று ஆய்வக மிஸ் சொல்லிக்கொடுத்தது. லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

முதலில் அவளைத்தான் நினைத்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்றுதான் நினைத்தேன். ஏற்கெனவே தோற்றவள். ஊரைக் கூட்டிவிட்டு, அது ஒன்றுமில்லை என்றாகிவிட்டால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அதனால் அடுத்த வாரம் மறுபடி எடுத்தேன். சந்தேகம் வந்தால் மறுபடி பார்ப்பதுதானே நம் தொழிலின் முறை. இந்தத் தடவை இன்னும் அதிகமாக இருந்தன.

உறுதியான பிறகாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போன வாரமே ஏன்டி சொல்லல என்று அவள் கேட்பாளே, அதற்குப் பயந்தேன். அடுத்த வாரம் அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? இன்னொன்றும் நடந்தது. லென்ஸில் கண்ணை வைக்கிற பயம் எனக்கு விட்டுப்போனது. ப்ளாஸ்ட் எது, நல்ல அணு எது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. வெளுத்துப்போன அந்த ஒற்றை ஸ்லைடு எனக்குக் கற்றுத்தராததை அவள் விரல் கற்றுத்தந்தது. அவளைச் சிகிச்சைக்கு அழைத்துப் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

"எப்படிடி இருக்கு?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "நல்லா வந்திருக்கு" என்பேன். சாயம் நன்றாகப் பிடித்திருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினாள். பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. கையில் நீலநீலமாகத் திட்டுகள். "பரீட்சை பயம், உங்கிட்டருந்து ஒட்டிக்கிச்சு" என்று சிரித்தாள். இருக்கும் என்றேன். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்க நேரமாயிற்று. பஞ்சை அழுத்திக்கொண்டு அவள் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பேன். "எங்கம்மாகூட இவ்வளவு நேரம் என் கையைப் பிடிச்சதில்லடி" என்றாள் ஒருநாள். படுக்கையில் கறை பட்டு வார்டன் பார்த்துவிடுவாரோ என்றுதான் எனக்குக் கவலை.

ஒருநாள் மிஸ் என் மேசைக்கு வந்து, லென்ஸின் கீழிருந்த ரேடியோவின் ஸ்லைடைப் பார்த்துவிட்டார். எங்கே கிடைத்தது என்றார். சித்தப்பா லேபிலிருந்து என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "இப்படி ஒரு ஸ்லைடை நானே பார்த்து எவ்வளவோ நாளாச்சு" என்று பெரிய மைக்ராஸ்கோப்பில் வைத்து, வகுப்பையே வரிசையில் நிறுத்தினார். ரேடியோவும் நின்றாள். தன் முறை வந்ததும் எல்லாரையும்விட அதிக நேரம் பார்த்தாள். "ப்ளாஸ்ட்தான் மிஸ். குச்சிகூடத் தெரியுது" என்றாள். சரியான விடை.

பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "பாவம்டி. இது யாரு, சின்ன வயசா?"

"தெரியல."

"அவங்ககிட்ட சொல்லிட்டாங்களா?"

"சொல்லியிருப்பாங்க."

"சீக்கிரம் சொன்னா நிறையப் பேரு பொழைச்சுக்குறாங்களாம். மிஸ் சொன்னாங்கல்ல" என்றவள், மூச்சு வாங்க மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. தேர்வு நெருங்கியிருந்தது. முடிந்ததும் சொல்லலாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அந்த முடிவு செய்த பிறகுதான் சாப்பாடு இறங்கியது.

தேர்வில் எனக்கு வந்தது ப்ளாஸ்ட். வாய் குழறாமல் சொன்னேன். அதே தேர்வாளர், தட்டிக்கொடுத்தார். வெளியே வந்தபோது நடைக்கூடத்தில் கூட்டம். ரேடியோ மூக்கில் ரத்தம் வழியக் கீழே கிடந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ரத்தப் பரிசோதனை ஏதாவது செய்தாயா என்று கேட்டதற்கு, "என் ஃபிரண்டு வாராவாரம் பார்க்குறா, எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னா" என்றாளாம். அதனால்தானே என்னைக் கூப்பிட்டீர்கள்.

மாணவிகளுக்குப் பரிசோதனை முடிவு சொல்லும் உரிமை கிடையாது, ஐயா. அது உங்கள் விதி. ஆனால் விதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வரவில்லை. என்னிடம் இருக்கும் அத்தனை ஸ்லைடும் அவளுடையவை. குச்சி தெரிந்த முதல் ஸ்லைடிலேயே எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருக்கலாம் என்றும் தெரியும். இப்போது காலம் கடந்துவிட்டது என்கிறார் டாக்டர். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அடுத்த வருடம் இதைவிடப் பெரிய தேர்வு, எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது. மருந்து ஏறிய பிறகு அந்த அணுக்கள் எப்படி இருக்கும் என்று நம் துறையில் ஒரு ஸ்லைடுகூட இல்லை. வார்டில் என்னை உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் விடுவார்கள். அவளுக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை, என்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். நான் போய் நின்றால் அவளே கையை நீட்டுவாள்.