பை இல்லாத சட்டை

மனித குல வரலாற்றில் மகத்தான மாற்றங்கள் நிகழும்போது, அவை நிகழ்கிற ஊர்க்காரர்கள் பெரும்பாலும் பல் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். பாபநாசத்துக்காரர்களுக்கு அந்தக் குறை வரக் கூடாது என்று, தொண்ணூற்றெட்டாம் வருஷம் தை மாதம் ஒரு நல்ல நாளில், நாதஸ்வரம் வைத்து, வர்த்தகர் சங்கத் தலைவர் கையால் திரை விலக்கி, நான் அறிவித்தேன்: கமலாம்பாள் பவனில் இன்று முதல் டிப்ஸ் என்னும் அடிமைச் சின்னம் ஒழிக்கப்படுகிறது.

நாதஸ்வரக்காரர்கள் கிளம்பும்போது தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். பேசிய தொகைக்கு மேலே ஏதாவது பார்த்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். போர்டைக் காட்டினேன்.

காபியைக் குடியுங்கள் இன்ஸ்பெக்டர் சார், ஆடை படிகிறது. பில் வராது. காவல் துறையினருக்கு இங்கே பில் போடுவதில்லை. அது மரியாதை, அதற்கும் டிப்ஸுக்கும் சம்பந்தமில்லை. மேசைமேல் நீங்கள் எடுத்து வைத்திருக்கும் மாத்திரை அட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். என் சர்வர் மரியஅந்தோணி எப்படிச் செத்தார் என்றும் கேட்டீர்கள். இரண்டும் ஒரே கேள்விதான். ஆனால் போர்டிலிருந்து வந்தால்தான் விளங்கும்.

அதோ, கை கழுவும் இடத்துக்கு மேலே இருக்கிறது. "எங்கள் ஊழியர்கள் தன்மானம் மிக்கவர்கள். டிப்ஸ் கொடுத்து அவர்களை இழிவு செய்யாதீர். இப்படிக்கு, இனாம்தார் நாகரத்தினம்." பெயிண்டர் முதலில் 'இளிவு' என்று எழுதிவிட்டான். திருத்த வைத்தேன்.

இந்த எண்ணம் எனக்குச் சிங்கப்பூரில் உதித்தது. ஒரு வாரம் போய் வந்தேன். அங்கே நான் சாப்பிட்ட இடங்களில் யாரும் தட்டில் காசு வைத்துவிட்டுப் போகவில்லை. நானும் வைக்கவில்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்த நிம்மதியை என் வாடிக்கையாளர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று விமானத்திலேயே முடிவு செய்தேன். அங்கே சர்வர்களுக்கு என்ன சம்பளம் என்று விசாரிக்கவில்லை. அடுத்தவர் சொந்த விஷயத்தில் நான் தலையிடுவதில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் எங்கள் குடும்பத்துக்கு இனாம்தார் வீடு என்று பெயர். என் தாத்தாவுக்குத் தாத்தா தஞ்சாவூர் அரண்மனையில் ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்தார். ராஜா மனம் குளிர்ந்து இந்த நிலத்தை இனாமாகக் கொடுத்தார். ஆற்றில் தண்ணீர் வராமல் நடவு பொய்த்துப்போன ஒரு வருஷம், ரோட்டோரமாக இருந்த வயலில் மண்ணடித்து இந்த ஹோட்டலைக் கட்டினேன். சாலையை அகலப்படுத்தினார்கள். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் திருச்சியில் இறங்கி, கார் நிறையப் பெட்டியோடு கும்பகோணம், நன்னிலம் என்று போகும் வழியில் இங்கே நிறுத்தினார்கள். நான் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். யார் பார்த்தாலும் முதலாளி என்று தெரியும்.

வருகிறவர்கள் கார் கதவைச் சாத்துவதற்கு முன்பே கேட்பது: "அந்தோணி இருக்காரா?"

அவருக்கு ஐம்பது வயதுக்கு மேலே இருக்கும். பூண்டிப் பக்கத்து ஆள். வேலையில் குறை சொல்ல எதுவுமில்லை, அதை ஒப்புக்கொள்வது என் கொள்கைக்கு விரோதம் இல்லை. சாப்பிடுகிறவர் இலையைப் பார்க்காமல் முகத்தைப் பார்ப்பார். "அம்மாவுக்கு இப்ப முட்டி வலி தேவலையா?" என்று விசாரிப்பார். இரண்டு வருஷம் கழித்து வந்த துபாய்க்காரருக்கு, தன் அம்மாவுக்கு முட்டி வலி என்பது அந்தோணி சொல்லித்தான் ஞாபகம் வரும். எழுந்து போகும்போது சோம்புத் தட்டில் நோட்டு வைப்பார். கல்லாவில் என்னிடம் பில்லைக் கட்டும்போது என் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. "கல்லாவுல இருக்கறவரு யாரு, மேனேஜரா?" என்று ஒரு அம்மாள் அந்தோணியிடம் கேட்டது என் காதில் விழுந்தது. என் தாயார் பெயரில் என் நிலத்தில் நான் கட்டிய ஹோட்டல். இதை வருத்தமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொல்கிறேன்.

போர்டு வைத்த பிறகு சோம்புத் தட்டில் சோம்பு மட்டும் இருந்தது. ஆனால் மக்கள் திருந்தவில்லை. நோட்டை நாலாக மடித்து அந்தோணியின் சட்டைப் பையிலேயே சொருக ஆரம்பித்தார்கள். அவருடைய இடப் பக்கப் பையில் எப்போதும் ஒரு மாதா படம் இருக்கும், இந்த மாத்திரை அட்டை இருக்கும், மீதி இடம் இந்தப் பாவத்துக்கு. முந்தின வருஷம் அவருக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் உடனே ஒன்று வைக்க வேண்டும், அட்டை எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தவனே நான்தான்.

நான் யாரையும் 'வா, போ' என்று பேசுகிறவன் இல்லை. அந்தோணியைக் கூப்பிட்டுப் பக்குவமாகத்தான் சொன்னேன். மதியச் சாப்பாட்டு நேரம், ஹால் நிறைந்திருந்தது. நாலு பேருக்குக் கேட்டால் நாலு பேரும் திருந்துவார்களே என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

"அந்தோணி, ஒருத்தர் சாப்பிட்டுட்டு மிச்சமா வெச்சிட்டுப் போறத எடுக்கறது நமக்கு அசிங்கம் இல்லீங்களா? உழைச்சதுக்கு மேல ஒரு காசு வாங்கினாலும் அது இனாம்தான்."

அவர் கூட்டு வாளியோடு நின்றார். யோசித்தார். அவர் முகத்தில் கிண்டல் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். உண்மையிலேயே சந்தேகம் கேட்கிற முகம்தான்.

"அப்ப இந்த எடமே இனாம்தானே மொதலாளி? வெத்தல மடிச்சுக் குடுத்ததுக்கு ராசா வெச்சிட்டுப் போனது."

முதலில் துபாய் மீரா உசேன் சிரித்தார். துபாயை முடித்துக்கொண்டு ஊரோடு வந்த பிறகு வாரம் தவறாமல் வருகிற ஆள், வாயில் சோறு இருந்தது, புரை ஏறியது. பக்கத்தில் இருந்தவர் அவர் தலையில் தட்டிக்கொண்டே சிரித்தார். பிறகு ஹால் முழுக்கச் சிரித்தது. உள்ளே தோசைக் கல்லுக்கு முன்னால் நின்ற அமிர்தம்கூட எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, நான் பார்ப்பதைப் பார்த்து இருமினாள்.

"சரியான பாயிண்ட்டப் புடிச்சிட்டீங்க அந்தோணிண்ணே. இனாம்தாரே, உங்க எள்ளுத் தாத்தாவும் நம்ம அண்ணன் மாதிரி ஆளுதான் போல!" என்றார் மீரா உசேன்.

நானும் சிரித்தேன். அதன் பிறகு ரோட்டில் யாராவது "என்னா இனாம்தாரே" என்று கூப்பிட்டால் அந்தச் சொல் எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. வர்த்தகர் சங்கக் கூட்டத்தில் வெற்றிலைத் தட்டு வரும்போதெல்லாம் என் பக்கம் நீட்டி யாரோ ஒருவர் கனைப்பார். ஐந்து தலைமுறையாகத் தலையில் இருந்தது ஒரே மத்தியானத்தில் சோம்புத் தட்டுக்கு இறங்கிவிட்டது. இதற்காக அந்தோணியை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் நான் கோபப்பட்டதாக ஆகும்.

கொள்கையைத்தான் இறுக்கினேன். எல்லோருக்கும் புதுச் சீருடை. மரூன் கலர் சட்டை, பேண்ட். எதிலும் பை கிடையாது. தையல்கார மூஸா துணியை விரித்துவைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"பச்சப் புள்ள ஜட்டிக்கே இப்ப பை வெக்கச் சொல்றாங்க இனாம்தாரே. ஆர்டர் எழுதுற பேனாவ எங்க வெப்பாங்க?"

"காதுல சொருகிக்கட்டும்" என்றேன்.

சட்டை வந்த அன்று அந்தோணி கல்லாவுக்கு வந்தார். சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நெஞ்சுக்கிட்ட சின்னதா ஒரு பை மட்டும் தச்சுக்கறேன் மொதலாளி. காசுக்கு இல்ல. இந்த அட்டைக்கு."

ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் கொள்கை அன்றே முடிந்தது. அதை விளக்கிச் சொன்னேன். அதே சமயம் நான் கல் நெஞ்சக்காரன் இல்லை. "அட்டையக் கொடுங்க, கல்லாவுலயே வெக்கறேன். கூப்பிடு தூரத்துலதானே இருக்கேன். வேணும்னா வந்து கேளுங்க" என்றேன். அவர் கல்லா இழுப்பறையை எட்டிப் பார்த்தார். பிறகு கொடுத்தார். "நன்றிங்க மொதலாளி" என்றார். எழுதிக்கொள்ளுங்கள் சார், நன்றி என்றுதான் சொன்னார். மாதா படத்தையும் நீட்டினார். அதை வாங்கவில்லை; பிற மத விஷயங்களில் நான் கவனமாக இருப்பேன். உள்ளே கொக்கியில் தொங்கிய தன் பழைய சட்டையில் வைத்துவிட்டு வந்தார்.

அதன் பிறகு அவர் கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தார். கல்லாவைத் தாண்டும்போதெல்லாம் இழுப்பறையைப் பார்த்துவிட்டுப் போவார். முன்பெல்லாம் அவர் என் பக்கம் திரும்பியதே இல்லை. ஒழுங்கு ஏற்பட்டிருக்கிறது என்று நினைத்தேன்.

அன்றைக்கு முகூர்த்த நாள். வாசலில் வேனும் சுமோவுமாக நின்றன. அந்தோணி ரசம் ஊற்றிக்கொண்டு வந்தவர், வாளியைத் தரையில் வைத்தார். அவர் வாளியைத் தரையில் வைத்து நான் பார்த்ததில்லை. இடப் பக்கம் நெஞ்சில் கையை வைத்துத் தடவினார். தடவின இடம் எது என்று எனக்குத் தெரியும். பை இருந்த இடம். அங்கே துணி மட்டும் இருந்தது. பிறகு மேசைகளைப் பிடித்துப் பிடித்துக் கல்லாவுக்கு வந்தார். முகமெல்லாம் வேர்வை. என் எதிரே நின்று வலது கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்க்க.

அந்தோணி அதுவரை யாரிடமும் கை நீட்டியதில்லை. அதுதான் அவருடைய பெருமை. மற்றவர்கள் தாமாக வைப்பார்கள், தாமாகச் சொருகுவார்கள். இவர் பாட்டுக்கு நிற்பார். இப்போது ஹாலே பார்த்திருக்க, இனாம்தார் முன்னால் நீட்டிய கை. அது அப்படியே கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது.

"என்ன வேணும்? வாயத் தொறந்து கேளுங்க அந்தோணி" என்றேன்.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"கேட்டாத்தானே தெரியும். கேளுங்க."

அந்த நேரம் பார்த்து மீரா உசேன் கை கழுவிவிட்டு வந்தார். பில் பணத்தை என்னிடம் கொடுத்தார். நீட்டிக்கொண்டு நின்ற கையைப் பார்த்தார். அவர் மேல் தப்பில்லை, அந்தோணியின் பின்பக்கம்தான் அவருக்குத் தெரிந்தது. "போர்டு கெடக்கட்டும்ணே, புடிங்க" என்று மடித்த நோட்டு ஒன்றை அந்த உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். என்னைப் பார்த்து, "இதுக்கு எனக்கு அபராதம் போட்டுறாதீங்க" என்றார்.

அவருக்கு மீதி கொடுக்க இழுப்பறையைத் திறந்தேன். மாத்திரை அட்டை மேலாகவே இருந்தது. அதை நகர்த்திவிட்டு அடியிலிருந்து சில்லறை எடுத்தேன். இழுப்பறையை மூடினேன். அந்தோணி நான் மூடியதைப் பார்த்தார். அப்புறம் கல்லா ஓரமாகவே உட்கார்ந்து, சாய்ந்துவிட்டார். மீரா உசேன்தான் சத்தம் போட்டார், அவருடைய காரில்தான் கொண்டுபோனார்கள். நான் கல்லாவை விட்டு எழ முடியாது, முகூர்த்த நாள்.

மறந்துவிட்டீர்களா, பதற்றத்தில் தோன்றவில்லையா என்று நீங்களாகவே எனக்கு வழி எடுத்துக் கொடுத்தீர்கள். நன்றி. ஆனால் நான் இனாமாக எதையும் வாங்கிக்கொள்வதில்லை. மறக்கவில்லை. பதறவும் இல்லை. அவர் வாய்விட்டுக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். நெஞ்சு அடைத்த மனிதனால் கேட்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கச் சொன்னேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவி மரியபுஷ்பம் வந்து, பழைய சட்டையையும் மாதா படத்தையும் கேட்டார். கொடுத்தேன். அட்டையையும் நானே எடுத்துக் கொடுத்தேன். இறந்தவர் பொருளை வைத்துக்கொள்கிற குடும்பம் இல்லை எங்களுடையது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. "இது எங்க இருந்துச்சு மொதலாளி?" என்றார். "பத்திரமாத்தான் இருந்தது, கல்லாவுல" என்றேன். அந்த அம்மாள் நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். நேர்மையாக இருந்தால் இப்படித்தான்.

கிளம்பலாமா? வேட்டியை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். என்ன பார்க்கிறீர்கள்? ஆமாம், உங்களுக்குக் காபி கொண்டு வந்தவர் சட்டையில் பை இருக்கிறது. எல்லோருக்குமே இருக்கிறது. போன வாரம் மூஸாவை வரவழைத்துத் தைக்கச் சொன்னேன். காதில் சொருகிய பேனா சாம்பாரில் விழுந்துவிட்டது.