முதல் பத்திரிகையும் குடலுக்குள் போன தூசியும்

சென்ற தை மாதம், இரண்டாவது புதன்கிழமை, காலை பத்தேகால். சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அந்த அம்மாள் மடியில் மகளின் கல்யாணப் பத்திரிகைகள் இருந்த பை.

"நான் மறந்ததுக்குப் போர்வெல் போடற ரிக்கு வண்டித் தூசிதான் புள்ள காரணம்," என்றார் கணவர். "கண்ணுக்குத் தெரியாத நானோத் துகளு குடலுக்குள்ள போயி, அங்க சொரக்கற ஹார்மோனைக் கெடுக்குதாமா. மூளைக்குச் சேதி சொல்றதே அதுதான். அது கெட்டா ஞாபகமும் போயிருமாம், பசியும் போயிருமாம்."

"அதனாலதான் தாய்மாமன்னு எங்கண்ணனுக்கு வெக்கோணும்ங்கற மொதப் பத்திரிகைய உங்க தங்கச்சி ஊட்டுல வெச்சீங்களாக்கும்?"

"மறந்து போச்சு."

"தங்கச்சி ஊட்டுக்கு வழி மறக்கலீங்களே. எங்கண்ணனும் இருவது வருசமா ரிக்குலதானுங்க இருக்கறாரு. நம்ம கல்யாணத்துல நீங்க அவருக்குச் சந்தனம் குடுக்காததை இன்னும் சொல்லிக்காட்றாரு."

"அவரு லாரிக்குள்ளயே உக்காந்திருப்பாரு. தூசியெல்லாம் எனக்குத்தான்."

பேருந்து அம்மாப்பேட்டையைத் தாண்டியது. பிறகு அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க, அண்ணன் கோவிச்சுக்கிட்டுக் கல்யாணத்துக்கு வராமப் போனா எனக்குத்தானுங்க அசிங்கம். இப்ப அண்ணன் ஊட்டுக்குப் போனதும் அவருகிட்ட அந்தத் தூசிக் கதையவே சொல்லீருங்க. மொகத்தையும் வாட்டமா வெச்சுக்கங்க. ஆனா பசி போயிருச்சுன்னு சொல்லிப்போட்டு, ரெண்டாந்தரம் சோறு வாங்கக்கூடாது."

அப்போதுதான் கணவர் முகம் உண்மையாகவே வாடியது.

"நாட்டுக்கோழி அடிச்சிருப்பாங்களே, புள்ள."