இடது கடைவாய்

அந்த மதியம் ஒரே தாலத்தைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் மூவர்: கமருஸ்ஸமானாகிய நான், என் தம்பி ஜாகிர், என் பேத்தி லமீஸை மருமகளாகக் கேட்டு வந்திருந்த ஹாதி. திரைக்குப் பின்னால் ஜாகிரின் மனைவி ஜீனத்துன்னிசா நின்றிருந்தாள். வேறு யாரும் இல்லை. பிரியாணி பதமாக வந்திருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

சம்பந்தம் பேசத் தொடங்கியபோதே ஹாதி எங்கள் குடும்பத்து நோய்களை விசாரித்தார். சர்க்கரை, இதயம், எலும்பு, பல் என்று வரிசையாகக் கேட்டார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொந்தப் பல் என்றேன். அப்போது ஜாகிரின் மேல்வரிசையில் ஒரு பல்கூட இல்லை. சொன்ன சொல்லை மாற்ற அது போதுமான காரணமாக எனக்குத் தோன்றவில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பத்திரம் எழுதிய நொத்தேர்கூட என் பாட்டனார் சொன்னதை மறுமுறை கேட்டதில்லை.

ஜாகிரைக் கருவடிக்குப்பத்துப் பல் டாக்டர் சுமலதாவிடம் கூட்டிப்போனது நான்தான். அவனுக்கு மேல்தாடை எலும்பு கரைந்துபோயிருந்தது. அதனால் சுண்டுவிரல் நீளத்தில் நான்கு ஆணிகளைக் கன்னத்து எலும்பில், கண்ணுக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, அவற்றின் மேல் பல் கட்டினார். எலும்பு இறுகும்வரை ஆறு மாதம் குழைந்த சாதம்தான் என்றார்.

விருந்து அன்று, பல் கட்டி முப்பத்தோராம் நாள். ஜாகிர் சோற்றை மட்டும் பிசைந்துகொண்டிருந்தான்.

"என்ன ஜாகிர் பாய், கறிய பாத்தா பயமா இருக்கா?" என்றார் ஹாதி.

"வயிறு சரியில்ல பாய்."

"வயிறா, பல்லா? பெரிய மார்க்கெட்ல வேற மாதிரில்ல பேசிக்கிறாங்க."

"எங்க வம்சத்துல பல்லு போன வாயோட யாரும் கபர்ஸ்தானுக்குப் போனதில்ல" என்றேன்.

எங்கள் வழக்கத்தில், ஒரே தாலத்தில் சாப்பிடும்போது மூத்தவர் தன் கையால் எடுத்து வைக்கும் துண்டை யாரும் மறுப்பதில்லை. ஒரு நெஞ்செலும்பை எடுத்து ஜாகிர் முன்னால் வைத்தேன். ஹாதி அவனுக்கு இடப்பக்கம் இருந்தார். நன்றாகத் தெரியட்டும் என்று, "இடது பக்கமாக் கடி" என்றேன்.

"அண்ணே" என்றான். பிறகு கடித்தான்.

வெற்றிலைக் காம்பு ஒடிவதுபோல ஒரு சத்தம். அவன் கண்ணில் நீர் வழிந்தது. காரம் என்றேன். இரண்டாவது துண்டையும் வைத்தேன், ஏனென்றால் ஹாதி இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் கடித்தான். அன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் நிக்காஹ் என்று முடிவானது.

மூன்றாம் நாள் ஜீனத்துன்னிசா வந்தாள். "மச்சான், கன்னம் வீங்கி கண்ணு மூடிக்கிச்சு. சீழ் நாத்தம் அடிக்குது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"நிக்காஹ் முடியட்டும்" என்றேன். அவனுடைய செல்போனையும் டாக்டர் கொடுத்த ஃபைலையும் என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் பத்துப் பேர் பார்ப்பார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தேன். நான் ஒன்றும் இரக்கமில்லாதவன் அல்ல.

நிக்காஹ் அன்று அவனை முதல் வரிசையில் உட்காரவைத்தேன். தேனீ கொட்டிவிட்டது என்றேன். எல்லோரும் அனுதாபப்பட்டார்கள். காரியம் சிறப்பாக நடந்தது. மறுநாள் நானே ஆட்டோ பிடித்து டாக்டர் சுமலதாவிடம் அனுப்பினேன். ஆணி கழன்று, சீழ் மேலே ஏறி, இடது கண்ணின் பார்வை போயிருந்தது. அந்த அம்மாதான் உங்களிடம் புகார் கொடுத்தார். அவர் கடமை அது. எனக்கு வருத்தமில்லை.

எனக்கு வருத்தம் தருவது வேறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி ஜாகிர், "அண்ணனுக்கு வயசாயிடுச்சு, டாக்டர் சொன்னது அவருக்கு வெளங்கல" என்று உங்களிடம் சொல்லியிருக்கிறான். என்னைக் காப்பாற்றுவதாக நினைப்பு. இப்போது மார்க்கெட் முழுவதும் அதுதான் பேச்சு. மீன்காரி கொளஞ்சிகூட என்னைப் பார்த்து, "பாவம் பாய், உங்களுக்கு என்னா தெரியும்" என்கிறாள்.

அது பொய். முன்பல்லால் மெல்லக் கடித்தால் பாரம் நான்கு ஆணிக்கும் பங்காகும். ஒரு பக்கக் கடைவாயில் அழுத்தினால் முழுப் பாரமும் ஒரே ஆணிக்குப் போய், அது நெம்புகோல்போலக் கன்னத்து எலும்பைப் பெயர்க்கும். டாக்டர் இதைப் படம் வரைந்து சொன்னார். ஜாகிருக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து அவனுக்கு விளக்கியது நான்தான்.