மூணு மணி அடித்த கை

பெங்களூரிலிருந்து திரும்பும் சாயங்கால ரயிலில், எதிர் சீட்டு அம்மா தன் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "மூணு தடவை மணி அடிக்காம என்னைத் தொடாதீங்க."

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். வீட்டுக்காரருக்கு ஒரு முழங்கைக்குக் கீழே புத்தம்புது எந்திரக் கை. அதில் நசுங்கிப்போன பேப்பர் கப். அம்மாவின் புடவையெல்லாம் டீ.

"தப்பா ரெண்டு அடிச்சிட்டேன் ஸ்டெல்லா. ரெண்டுன்னா இறுக்கிடும்."

"கைக்கு இன்னாத்துக்குங்க மணிக் கணக்கு?"

"கை மாட்டிவிட்ட லேப்ல அந்தப் பொண்ணுதாம்மா கேட்டுச்சு. சதையை எத்தினி வாட்டி துடிக்கவிட்டா கை இன்னா செய்யணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க, கம்ப்யூட்டர் கத்துக்கும்னுச்சு. சுரங்கத்துல ஆளை ஏத்தி எறக்குற கேஜுக்கு மணி அடிச்சவன் வேற இன்னா சொல்லுவேன்? ஒண்ணுன்னா நிறுத்து, விட்டுடு. ரெண்டுன்னா சரக்கு. மூணுன்னா உள்ள ஆளுங்க கீறாங்க, பதமா."

அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கையை நீட்டினார். "எங்க, அடிங்க பாக்கலாம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணியது. கறுப்பு விரல்கள் மெல்ல மூடின. ஒரு வளையல்கூடச் சத்தம் போடவில்லை.

"ஐயய்யோ, பிடிச்சிட்டாருங்க!" அம்மா சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

ஊரிகம் ஸ்டேஷன் வந்தது.

"எறங்கணும். ஒண்ணு அடிங்க."

"அது மறந்துபோச்சு," என்றார் அவர். பிடித்த கையை விடாமலே கதவுக்கு நடந்தார்.