நாற்பதாவது ஆள்

எட்டயபுரத்தைத் தாண்டிக் கோவில்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு ஜவுளிக்கடைப் பாயும் ஆட்டுக்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சைக் கேட்டால் ஒரே ஊர்க்காரர்கள்.

"எங்க ஜும்மாவே உங்க வீட்டுலதான் அண்ணாச்சி குடியிருக்கு" என்றார் பாய்.

"அங்கன வாடகைக்கு இருக்கது டெய்லர்லா?"

"வெள்ளிக்கிழமை ஜும்மா தொழணும்னா நாப்பது ஆம்பளைய வேணும். எங்களுக்கு அப்படி முறை. வாப்பா காலத்துலயே பள்ளிவாசல் கட்டியாச்சு, ஆளு சேரல. வாராவாரம் எட்டயபுரத்துக்கு நடையா நடந்தோம். டெய்லர் குடிவந்த பெறகுதான் நாப்பது ஆச்சு."

"ஒரு ஆளுதான? சந்தைக்கு வாரவியள்ல ஒருத்தர நிப்பாட்டுங்க."

"வந்துட்டுப் போறவிய கணக்குல வரமாட்டாவ. ஊருல குடியிருக்கணும்."

ஆட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பருத்திக்காட்டைப் பார்த்தார்.

"தையில மவனுக்குக் கல்யாணம். டெய்லரக் காலி பண்ணச் சொல்லணும்னு இருந்தேன்."

"தெரியும். ஊருல அவருக்கு வேற வாடகை வீடு கெடைக்காது. அதான் உங்க பின்னாலயே பஸ் ஏறுனேன். கோவில்பட்டியில எனக்கு ஒரு சோலியும் இல்ல."

ஆட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"சரி, டெய்லர் இருக்கட்டும். ஆட்டுத்தொழுவ ஒட்டி மவனுக்கு ஒரு அறை கட்டிக்கிடுதேன். வந்தது வந்துட்டீங்க, கூரைக்கு ஓடு பாக்க என்கூட வாங்க."

பாய் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பஸ் ஊருக்குள் நுழைந்தது.

இறங்கும்போது ஆட்டுக்காரர் கேட்டார்: "அவரு இல்லன்னா ஜும்மா நடக்காதுன்னு டெய்லருக்குத் தெரியுமா?"

"நாங்க சொல்லல."

"சொல்லிராதீங்க. இப்பவே தீவாளிச் சட்டையப் பொங்கலுக்குத்தான் தாராரு."