ஹாஜியார் கடையின் பரிசுப் பத்திரம்

ஹாஜியார் வர நேரமாகும்மா, எங்கிட்டயே கேளு. காலேஜ்லேர்ந்து இவ்வளவு தூரம் வந்துட்டு கடைகளைப் பத்தின கேள்விப் படிவத்தை வெறுமையாவா எடுத்துட்டுப் போவே? நான் அவரு பொண்டாட்டிதான். பத்தொம்பது வருஷமா இந்தக் கல்லாவுல உக்காந்திருக்கேன். டீயைக் குடி, முட்டை அடிச்சு ஊத்தினது. நம்ம புக்கிட்டிங்கி மலையூர்க் குளிருக்கு அதுதான் சரி.

ஷரியத்துப்படி கணக்கு வைக்கிறோமான்னா கேக்கறே? போர்டைப் பாக்கலியா? ஹாஜி மஸ்ரிஸால் மளிகை, ஷரியத் முறைன்னு பச்சை எழுத்துல இருக்கே. ஷரியத் வியாபாரம்னு ரெண்டு நாள் வகுப்புக்குப் போயிட்டு வந்தாரு, மத்தியானச் சோறு உண்டுன்னு. அன்னையிலேர்ந்து எல்லாத்துக்கும் பேரு மாறிடுச்சு. கடனுக்கு அரிசி வாங்கறவன் முன்னே வட்டி குடுத்தான், இப்போ நன்றிப் பணம் குடுக்கறான். தொகை அதேதான். நன்றி ஒரு நாள் தாமதமானா இவரு போடற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்கும்.

எனக்குச் சம்பளமா? நல்லாக் கேட்டே போ. கணக்கு நோட்டுல என் சம்பளக் கட்டத்துல இக்லாஸ்னு எழுதி வச்சிருந்தாரு. அல்லாவுக்காக மனசாரச் செய்யறேனாம், கூலி மறுமையிலயாம். மூட்டை இறக்கறவனுக்கு மட்டும் இங்கேயே கிடைக்குது.

ஜகாத்தா? அதுல மனுஷன் கில்லாடி. சரக்கு ஒரு வருஷம் முழுசா ஒருத்தர் கையில இருந்தாத்தானே நாப்பதுல ஒரு பங்கு ஏழைக்கு? நோன்பு மாசத்தோட அவரு கணக்கு வருஷம் திரும்பும்; அதுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, கடைச் சரக்கு பூராவும் பொண்டாட்டிக்குப் பரிசுன்னு பத்திரம் எழுதிடுவாரு. ரெண்டு சாட்சி வேற. நோன்பு பொறந்ததும் நான் அவருக்கே திருப்பிப் பரிசு எழுதணும். அவருக்கும் வருஷம் ஆகலை, எனக்கும் ஆகலை. ஆறு வருஷம் இப்படித்தான். பக்கத்து வீட்டு ரொஸ்மானி, புருஷன் செத்து நாலு புள்ளைங்களை வச்சிருக்கா, வந்து நின்னுட்டு வெறுங்கையோட போவா. அவ முகத்தைப் பாக்கவே எனக்குக் கூசும்மா.

இந்த வீடா? எங்க அம்மா வழி. நம்ம பக்கம் வீடு பொண்ணுங்களுக்குத்தானே. அவருக்குன்னு இருந்தது இந்தச் சரக்கு ஒண்ணுதான்.

போன வருஷமும் எழுதிக் குடுத்தாரு. நான் இன்னும் திருப்பி எழுதலை. கெஞ்சிப் பாத்தாரு, கத்திப் பாத்தாரு. குடுத்த பரிசைத் திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு அந்த வகுப்புப் புத்தகத்துலயே இருக்கு, அவரே அடிக்கோடு போட்டிருக்காரு. நேத்தோட எனக்கு வருஷம் முழுசாச்சு. காலையில ஏழைங்க பங்கைப் பிரிச்சுக் குடுத்துட்டேன், முதல்ல ரொஸ்மானிக்கு.

படிவத்துல உரிமையாளர்னு இருக்கே, அங்கே என் பேரை, யுஸ்னிடார்னு எழுதிக்கோ. அவரா? எண்ணெய் டின் எடுத்துட்டு வர நான்தான் அனுப்பியிருக்கேன்.