அறுநூற்றுப் பத்து கிராம்

அன்று எனக்கு மஞ்சள் ஒயர் கிடைக்கவில்லை. இரண்டு கடைகளில் கேட்டேன். வெள்ளை இருக்கிறது, கறுப்பு இருக்கிறது, மஞ்சள் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். வெள்ளை ஒயர் சீக்கிரம் அழுக்காகி, புது விளக்கையும் பழசாகக் காட்டிவிடும் என்பது என் மனைவியின் கட்சி. அதனால் கறுப்பில் பத்து மீட்டர் வெட்டச் சொன்னேன். கடைக்காரர் அளந்துகொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. லாரி டயர் ஏதாவது வெடித்திருக்கும் என்றார். அவர் ஒயரைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுத் தரும்வரை நின்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

விசாரணையில் நான் ஓடி வந்ததாகச் சொல்லியிருக்கிறேன். நடந்துதான் வந்தேன்.

வீட்டின் பின்னறையில் நாங்கள் இருவரும் ரெசின் விளக்குகள் வார்த்து விற்றுக்கொண்டிருந்தோம். நிலா, ஆந்தை, மீன் என்று ஆரம்பித்தோம். விற்றது என்னவோ கையெறி குண்டு விளக்குதான். விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் குண்டு ஒன்றை மூலமாக வைத்துக்கொண்டு அச்சு எடுப்போம். கண்ணாடி போன்ற ரெசினில் குண்டின் கட்டங்கள் விழுந்து, உள்ளே சின்ன பல்பு எரியும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும். "இதைக் கட்டில் பக்கத்துல வெச்சுக்கிட்டு எப்படித்தான் தூங்குறாங்களோ" என்பாள் மனைவி. சொல்லிக்கொண்டே பஞ்சால் துடைத்துப் பெட்டியில் வைப்பாள்.

அச்சு எடுப்பது பெரிய வித்தை இல்லை. ஒரு டப்பாவுக்குள் குண்டை அதன் வளையத்தால் தொங்கவிட்டுச் சுற்றிலும் சிலிகான் ஊற்ற வேண்டும். வளையம் மட்டும் வெளியே தெரியும். மறுநாள் சிலிகான் ரப்பராக இறுகியிருக்கும். வளையத்தில் விரலைக் கொடுத்து லேசாகத் திருகி மேலே இழுத்தால் குண்டு நழுவி வந்துவிடும். மிச்சமிருக்கும் குழிதான் அச்சு. முப்பது விளக்குக்கு மேல் ஒரு அச்சு தாங்காது, கிழிந்துவிடும். திரும்ப எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் குண்டில் வளையமும் உடம்பும் ஒரே வார்ப்பு, எவ்வளவு இழுத்தாலும் கழன்று வராது. வளையத்தைப் பிடித்து இழுக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். போகப் போக என்னைவிட நன்றாக எடுத்தாள்.

எல்லாவற்றையும் அவள் ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். பென்சிலால்தான் எழுதுவாள், ரெசின் பட்ட விரலுக்குப் பேனா மை கலையும். அச்சு எடுக்கும் முன் மூலப் பொருளை எடை போட்டு, தண்ணீரில் முக்கி, எவ்வளவு தண்ணீர் வழிகிறதோ அவ்வளவு ரெசின் தேவை என்று குறிப்பாள். யார் என்ன சொன்னார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுவாள். பள்ளிக்கூடத்துப் பழக்கம் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

புதிதாக ஒரு விடுதி கட்டிக்கொண்டிருந்தவர் அறுபது குண்டு விளக்கு வேண்டும் என்றார். அனுப்பிய மாதிரியைத் திருப்பிக் கொடுத்து, பொம்மை மாதிரி இருக்கிறது, நிஜம் மாதிரி இல்லை என்றார். அவர் சொன்னது சரிதான். பிளாஸ்டிக் தேய்ந்து கட்டங்கள் மழுங்கிப்போயிருந்தன. என் வேலையை ஒருவர் பொம்மை என்றது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரம் பித்தளைக் குழாய் தேடிப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். எனக்குப் பத்து வருடப் பழக்கமான கடை. மேசைக்கடியில் ஒரு மணல் வாளி இருந்தது. அதில் பாதி புதைந்து ஒரு கையெறி குண்டு கிடந்தது. நான் குனிந்ததைப் பார்த்துவிட்டார் கடைக்காரர்.

"அதைத் தொடாதீங்கண்ணே. பழைய சாமானோட வந்துடுச்சு. நெசமானதுதான். ஸ்டேஷன்ல சொல்லியிருக்கேன், ஆள் அனுப்புறேன்னாங்க."

எப்போது வருவார்கள் என்று கேட்டேன்.

"நான் என்ன கல்யாணத்துக்கா கூப்பிட்டேன், உடனே வர்றதுக்கு?"

அவர் வண்டியில் சரக்கு ஏற்ற வெளியே போனார். நான் அதை எடுத்து இரண்டு பித்தளைக் குழாய்களுக்கு நடுவே பையில் வைத்துக்கொண்டேன். குழாய்களுக்கு மட்டும் காசு கொடுத்தேன். ஒரு நாள் வைத்திருந்துவிட்டு வாளியிலேயே திரும்பப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். துரு ஏறிய சாமான், உயிர் இருக்காது என்றும் ஒரு கணக்கு. வளையம் நகராதபடி கம்பியால் கட்டிவிடலாமா என்று யோசித்தேன். கம்பியின் தடம் அச்சில் விழும் என்பதால் விட்டுவிட்டேன்.

மனைவியிடம் இரும்புக் கடையில் கிடைத்த தகரப் பொம்மை என்றேன். துருவைத் தேய்த்து எடுத்தாள். தராசில் வைத்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, பழசு நூத்திப் பத்துதான். இது அறுநூத்திப் பத்து காட்டுது."

"உள்ள ஈயம் ஊத்தியிருக்கான். சாயாம நிக்கணும்ல."

"பொம்மைக்கு இவ்ளோ மெனக்கெட்டிருக்கான் பாருங்க" என்று சிரித்தாள். தண்ணீரில் முக்கி எடுத்து, துண்டால் துடைத்து, நோட்டில் எழுதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வளையத்தில் தொங்கவிடாமல் அடியில் கட்டை கொடுத்து, நானே டப்பாவுக்குள் நிறுத்திச் சிலிகான் ஊற்றினேன். அந்த அளவுக்கு ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன்.

சம்பவத்துக்குப் பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓர் அதிகாரி என்னிடம் வந்தார். இரும்புக் கடையில் வாங்கியதா, போலி என்று சொல்லித்தான் கொடுத்தாரா என்று கேட்டார். கேள்வியிலேயே பதில் இருந்தது. தலையை ஆட்டினேன். கோர்ட்டிலும் அதையே சொன்னேன். ஸ்டேஷனில் சொன்னதாகக் கடைக்காரர் சாதித்தார், அங்கே அதற்குப் பதிவு இல்லை. அவருக்கு ஏழு வருடம் ஜெயில் கொடுத்தார்கள். இது மூன்றாவது வருடம்.

மாதம் ஒருமுறை மச்சினன் வருவான். அக்காவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பான். "மாமா, அவன் உள்ளேயே கெடந்து சாகணும்" என்பான். நான் டீ போட்டுக் கொடுப்பேன்.

போன வாரம் இரும்புக் கடைக்காரரின் மனைவி வந்திருந்தார். மேல்முறையீடு அடுத்த மாதம் வருகிறதாம். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. அவர்தான் வித்தாரான்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க" என்றார். யோசிக்கிறேன் என்றேன். அவருக்கும் டீ கொடுத்தேன்.

யோசிக்க எதுவும் இல்லை. அவர் விற்கவில்லை. நான் எடுத்து வந்தேன். இத்தனை நாளில் யாராவது அதன் எடையைக் கேட்டிருந்தால் நோட்டைக் காட்டியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நான் வரும்வரை தொடாதே என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனதாகக் கோர்ட்டில் சொன்னேன். நடந்தது வேறு. அன்று காலையிலேயே அச்சு இறுகிவிட்டது. நான் மூன்று முறை டப்பாவின் அருகே போனேன். மூன்று முறையும் வளையத்தில் விரல் வைத்து எடுத்துவிட்டேன். அப்புறம்தான் ஒயர் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். வீட்டில் ஒயர் இருந்தது. செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் உள்ளேயிருந்து கேட்டாள்.

"மஞ்சளாப் பாத்து வாங்குங்க. நீங்க வர்றதுக்குள்ள நான் அதை எடுத்து வெச்சிடட்டுமா?"

"ம், எடுத்து வை" என்றேன்.

அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவள் கை என் கையைவிடப் பக்குவமான கை, அதுவரை ஒரு மூலத்தைக்கூட உடைத்ததில்லை. யோசித்துப் பார்த்தால் எடுக்க வேண்டியவள் அவள்தான்.

இதை எழுதி அந்த நோட்டுக்குள் வைத்துக் கடைக்காரரின் வக்கீலிடம் கொடுக்கப்போகிறேன். நோட்டு அன்று சமையலறை அலமாரியில் இருந்ததால் தப்பியது. கடைசியாக எழுதிய பக்கத்தில், ரெசின் அளவுக்கு மேலே, அவளுடைய குண்டு குண்டான எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "எடை 610. உள்ளே ஈயமாம், அவர் சொன்னார்."

பென்சில் எழுத்து. இன்னும் கலையவில்லை.